கோபமாகத் தட்டும் கையை எதில் பிடிப்பது: வீடியோவா, சென்சாரா, மார்க்கரா?

உடலசைவை மட்டும் பார்த்து ஒருவர் கோபமாக இருக்கிறாரா, சோகமாக இருக்கிறாரா என்று எப்படிக் கண்டுகொள்கிறோம்? இதை ஆராய முதலில் நல்ல அசைவுப் பதிவுகள் வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி அறையில் அவற்றை எடுக்க மூன்று வழி உண்டு. செல்போனில் வீடியோ எடுத்து மென்பொருளால் மூட்டுப் புள்ளிகளைப் பிரிக்கலாம். உடம்பில் சென்சார் பட்டைகளைக் கட்டலாம். ஒளியைத் திருப்பும் சின்ன உருண்டை மார்க்கர்களை ஒட்டி, சுற்றிலும் அகச்சிவப்பு கேமரா வைத்துப் பிடிக்கலாம். நாங்கள் மூன்றாவதைத்தான் எடுத்தோம்.

சென்சார் பட்டையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். வெளியிடத்தில் அருமையாக வேலை செய்யும். கான்கிரீட் கட்டடத்துக்குள் தரைக்கம்பியும் இரும்பு பீரோவும் அதற்குள் திசையறியும் காந்தமானியைக் குழப்பும். நேராக நடந்தவர் திரையில் பக்கவாட்டில் சாய்ந்து போவார்.

வீடியோ மலிவு. ‘இது முறத்தில் புடைப்பது, இது குடம் தூக்குவது’ என்று செயலை அடையாளம் காட்டுவது மட்டும்தான் ஆய்வு என்றால் அதுவே போதும். மூட்டுகளில் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளி இருந்தாலே மனிதர் நடப்பது தெரியும் என்று ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973-லேயே காட்டிவிட்டார். ஒரு சிக்கல், சேலையும் இறக்கிக் கட்டிய வேட்டியும். முழங்கால் துணிக்குள் இருப்பதால் மென்பொருள் அதை ஊகித்துத்தான் புள்ளி வைக்கிறது.

உணர்ச்சி என்று வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. கதவைத் தட்டுவது, தண்ணீர் குடிப்பது போன்ற கையசைவுகளை ஒளிப்புள்ளிகளாகக் காட்டி கிளாஸ்கோ பல்கலைக்கழக உளவியலாளர் ஃபிராங்க் பாலிக் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பார்ப்பவர்கள் உணர்ச்சியின் தீவிரத்தை அசைவின் வேகத்தோடு சேர்த்தே அறிந்தார்கள். கோபத்தில் கை வேகமாக, வெட்டி வெட்டிப் போகும். சோகத்தில் மெதுவாகப் போகும். ஆக, மணிக்கட்டின் வேகத்தைப் பதிவுக்கருவி கெடுத்தால் உணர்ச்சியே கெட்டுவிடும்.

வீடியோ தோற்பது இங்கேதான். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 33 மில்லிநொடி. ஓங்கிய கை கதவில் போய் விழும் கட்டம் இரண்டு மூன்று ஃபிரேமுக்குள் முடிந்துவிடும். 120 ஃபிரேமில் அதே கட்டத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு புள்ளி கிடைக்கும். செல்போனிலும் 120 எடுக்கலாமே என்றால், எடுக்கலாம். ஆனால் மென்பொருள் வைக்கும் புள்ளி ஃபிரேமுக்கு ஃபிரேம் நடுங்கும். நடுக்கத்தை அடக்க ஃபில்டர் போட வேண்டும். ஃபில்டர் வேகத்தின் உச்சியையும் சேர்த்து மழுக்கிவிடும். கோபமாகத் தட்டியவர் சும்மா தட்டியவர் போல ஆகிவிடுவார்.

மார்க்கர் பதிவிலும் ஃபில்டர் உண்டு, அளவாகப் போட்டால் போதும். எந்த எல்லைக்கு மேலான வேக மாற்றங்களை ஃபில்டர் அடக்க வேண்டும் என்பதை ஹெர்ட்ஸில் கொடுப்போம். நடைக்கு வழக்கமாக வைக்கும் 6 ஹெர்ட்ஸைத் தட்டலுக்கு வைக்காதீர்கள். 12-இல் தொடங்கி, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் மணிக்கட்டின் உச்ச வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தால் எல்லையை இன்னும் ஏற்றுங்கள். மார்க்கர் மறைந்து விழும் இடைவெளியிலும் இதே கவனம் வேண்டும். கை சும்மா இருக்கும்போது பத்து ஃபிரேம் விடுபட்டால் மென்பொருளே நிரப்பட்டும். கை பாயும்போது ஐந்து ஃபிரேம் விடுபட்டாலும் மறுபடி எடுங்கள், ஏனென்றால் நிரப்பிய வளைவு உச்சியை உருட்டிவிடும்.

நம்மூரில் மார்க்கர் விழ முக்கியக் காரணம் வியர்வை. தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, இருபக்க டேப்பில் ஒட்டி, மார்க்கரின் அடித்தட்டைச் சுற்றி மருத்துவ டேப் போடுங்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டாம். இறக்கை பளபளத்தால் அதையும் கேமரா மார்க்கர் என்று எடுத்துக்கொள்ளும் என்பதால் மங்கலான கருப்பு பெயின்ட் அடித்துவிடுங்கள். ஜன்னல் வெயில், வளையல், கொலுசு, எவர்சில்வர் குடம் எல்லாமே போலி மார்க்கர் காட்டும். நகையைக் கழற்றச் சொல்லுங்கள், குடத்துக்குத் துணி சுற்றுங்கள். சேலைக்குப் பதில் ஒட்டிய உடுப்புத்தான் சரி. அதனால் நடையின் இயல்பு கொஞ்சம் குறையும் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

‘கோபமாகத் தட்டுங்கள்’ என்று சொன்னால் மேடை நடிப்புத்தான் வரும். ‘கைமாத்து வாங்கினவர் உள்ளேயே இருந்துகொண்டு நாலாவது தடவையாகக் கதவைத் திறக்க மாட்டேங்கிறார்’ என்று சூழலைச் சொல்லுங்கள். பாலிக்கின் கிளாஸ்கோ குழுவினர் 2006-இல் வெளியிட்ட அசைவுப் பதிவுத் தொகுப்பில் நடத்தல், தட்டுதல், தூக்குதல், எறிதல் எல்லாம் செய்த 30 பேரும் தொழில்முறை நடிகர்கள் அல்லர்.

நடிப்பவர்களும், பதிவைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்பவர்களும் ஒரே கல்லூரியாக இருக்கக் கூடாது. முகம் இல்லாவிட்டாலும் நண்பரின் நடையைப் புள்ளிகளிலிருந்தே அடையாளம் காண முடியும் என்பது 1977-லேயே தெரிந்த விஷயம். தென்காசிப் பக்கத்து ஆட்களை வைத்து எடுத்துப் பாளையங்கோட்டையில் காட்டுங்கள்.

இவ்வளவும் தட்டுதல், தூக்குதல், நடத்தல் பற்றியது. நம்ம பக்கத்துக் கோயில் கொடைகளில் ஆடும் கணியான் கூத்தின் சுழற்சியை இப்படிப் பிடிக்க வேண்டும் என்றால் இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். ஒருவர் மேல் ஒருவர் மறைவது அதில் அதிகம். கேமராவைக் கூட்டி, ஒரு நாள் வெறும் ஒத்திகைப் பதிவு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.