நேரோபோட்டில் ஆறு வருடம்: அந்த 57 அடி தூரம்

எங்கள் நேரோபோட்டின் (இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான நீளப் படகு) பங்குதாரர் ஒருவர் தன் பங்கை விற்கிறார். போன வருடம் கேட்ட விலையைவிட இப்போது நன்றாகக் குறைத்திருக்கிறார். லெஸ்டரில் இருக்கும் நண்பர் கேள்விப்பட்டு, "ஆறு வருடமாக ஓட்டுகிறீர்களே, வாங்கலாமா? உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு பேர் சேர்ந்து வைத்திருக்கும் படகு. 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். விறகு அடுப்பு அருமை. தண்ணீர்த் தொட்டி போதும். கழிவறையின் கழிவுப் பெட்டியைத் தூக்கிப் போய்க் கொட்டுவது பழகிவிட்டது. எனக்கு இருக்கிற குறை ஒன்றே ஒன்று, அது ஆறு வருடமாகத் தீரவில்லை. ஓட்டுகிறவன் கடைக்கோடியில் தனியாக நிற்க வேண்டும்.

எங்களுடையது ட்ரெடிஷனல் ஸ்டெர்ன், அதாவது பழைய பாணிப் பின்பகுதி. பின்தளத்தில் ஒருவர் நிற்கத்தான் இடம். இரண்டாவது ஆள் வந்தால் டில்லர் (சுக்கானைத் திருப்பும் நீளத் தண்டு) வீசும் வட்டத்துக்குள் நிற்க வேண்டியிருக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது சுக்கான் தரையில் இடித்தால் அந்தத் தண்டு ஒரே வீச்சில் ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடும். அதனால் நான் பின்னால், மனைவியும் மகளும் முன்னால். நடுவில் படுக்கையறை, குளியலறை, சமையலறை, சோபா எல்லாம் இருக்கின்றன. என் காலடியில் எஞ்சின். மகள் சட்டென்று எழுந்து கரையில் எதையோ காட்டுவாள். நாங்கள் போகிற மூன்று மைல் வேகத்தில் அந்த இடம் என்னிடம் வந்துசேர பதின்மூன்று விநாடி ஆகும். அதற்குள் மீன்கொத்தி போய்விட்டிருக்கும். ஆறு வருடத்தில் அவள் பார்த்த மீன்கொத்திகளில் பாதியைக்கூட நான் பார்க்கவில்லை.

லாக் என்பது தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி. லாக் இல்லாத நாள்தான் நிம்மதியான நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். கிராண்ட் யூனியன் கால்வாயின் லெஸ்டர் பாதையில் ஃபாக்ஸ்டன் லாக்குகளுக்கு மேலே ஏறிவிட்டால் வாட்ஃபோர்டு லாக்குகள் வரை சுமார் 20 மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. (லண்டன் பக்கத்து வாட்ஃபோர்டு இல்லை, இது நார்த்தாம்ப்டன்ஷயர் கிராமம்.) மேட்டின் சமமட்டத்தை ஒட்டியே வெட்டியதால் கால்வாய் வளைந்து வளைந்து போகும். ஊர்கள் எல்லாம் தள்ளியே இருக்கும். செம்மறி ஆடுகள், முள்வேலிச் செடிகள், செங்கல் பாலங்கள், அப்புறம் ஹஸ்பண்ட்ஸ் போஸ்வொர்த்தில் 1,166 கெஜம் நீளமுள்ள சுரங்கம். அவ்வளவு அழகான பாதை. ஆனால் எனக்கு வருடத்திலேயே தனிமையான நாள் அதுதான். ஒரே படகில் இருந்துகொண்டு மனைவி போன் செய்து "டீ போடட்டுமா?" என்று கேட்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கீழே அறைக்குள்ளிருந்து என் முழங்கால் பக்கமாக ஒரு கோப்பை மேலே வரும். கண்ணைப் பாதையிலிருந்து எடுக்க முடியாது. வாங்கிக்கொண்டு நன்றி சொல்வேன், அவள் மறுபடி முன்னால் போய்விடுவாள்.

ஃபாக்ஸ்டன் அப்படி இல்லை. படிக்கட்டு போல ஒன்றோடொன்று ஒட்டிய லாக்குகள், ஐந்து ஐந்தாக இரண்டு தொகுதிகள், மொத்தம் பத்து லாக், 75 அடி ஏற்றம். 1814 முதல் ஓடுகிறது. மனைவி மதகைத் திருப்பும் கைப்பிடியான விண்ட்லாஸை எடுத்துக்கொண்டு கரையில் இறங்குவாள். தண்ணீரைத் திறந்துவிடும் மதகுப் பலகைகளில் (பேடில்) சிவப்பை முதலில் திறக்க வேண்டும், வெள்ளையை அப்புறம்தான். மாற்றித் திறந்தால் தண்ணீர் வழிந்து பாதையெல்லாம் வெள்ளமாகும். திறந்துவிட்டு, தண்ணீர் நிறைகிற சில நிமிடத்தில் நடந்து என் பக்கம் வருவாள். அப்போது நான் ஈரச் சுவருக்கு நடுவே கீழே நின்று அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நீர் ஏற ஏற அவள் முகம் எனக்கு நேராக வரும். அதுவரை கத்திப் பேசியதைச் சாதாரணக் குரலில் பேசுவோம். இதே போலப் பத்துத் தடவை. இடுப்பு வலிக்க மதகுக் கதவைத் தள்ளுகிற அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் இந்தப் படகுக்கு வருகிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த வசந்தத்தில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்களை மாற்றினோம். சத்தம் பாதியாகிவிடும் என்று பட்டறையில் உறுதியாகச் சொன்னார்கள். அதிர்வு குறைந்தது உண்மை, கோப்பை மேஜையில் நடுங்குவதில்லை. சத்தம் அப்படியேதான் இருக்கிறது. செலவில் என் பங்கைக் கட்டும்போது கோபம் வந்தது.

கோபத்தில் எழுதுவதால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்டோபர் மழையில் இந்த ஸ்டெர்னைப் போல வராது. உள்படியில் நின்று இரண்டு கதவையும் சாத்திக்கொண்டால் இடுப்புக்குக் கீழே எஞ்சின் சூடு கதகதப்பாக இருக்கும். திறந்த பெரிய பின்தளம் கொண்ட க்ரூஸர் ஸ்டெர்ன்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து நிற்கலாம், ஐந்து பேரும் சேர்ந்து நனையலாம்.

உண்மையில் தப்பு ஸ்டெர்னில் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். பழைய சரக்குப் படகுகளில் குடும்பம் முழுக்கப் பின்பக்கம் பத்தடிக் கேபினில் வாழ்ந்தது. கதவுக்குள் இறங்கியதும் இடது கையில் அடுப்பு. ஓட்டுகிறவருக்கும் சமைக்கிறவருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். சரக்கு போய்விட்டது, அந்த இடமும் வீடாகிவிட்டது. ஸ்டெர்னை அப்படியே வைத்துக்கொண்டு, அடுப்பை முன்னால் கொண்டுபோய்விட்டு, பகலெல்லாம் காலியாகக் கிடக்கும் படுக்கையைப் பின்னால் போட்டார்கள். சமையலறை பின்னால் வருகிற ரிவர்ஸ் லேஅவுட் படகுகளும் இருக்கின்றன. நாங்கள் வாங்கும்போது அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே, நண்பரே, இந்தப் பங்கை வாங்காதீர்கள். விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். ரிவர்ஸ் லேஅவுட்டில் ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். நாங்கள் விற்கப் போவதில்லை. அக்டோபரில் எங்களுக்கு ஒரு வாரம் இருக்கிறது, சனிக்கிழமை காலை ஃபாக்ஸ்டன் அடிவாரத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். பத்து லாக்கையும் நானும் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். மேலே ஏறியதும் டில்லரை நீங்கள் பிடியுங்கள், கற்றுத் தருகிறேன், அரை மணி நேரத்தில் வந்துவிடும். அதற்கப்புறம் சுரங்கம் வரை நான் முன்தளத்தில் மகள் பக்கத்தில் உட்கார வேண்டும்.