ரத்த வாந்திக்கு ஷன்ட் ஆபரேஷனா? கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

குடியால் வந்த சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கித் தழும்பாகிப்போன நோய். வயது 54. இரண்டாம் முறை ரத்த வாந்தி எடுத்தவருக்கு, "ஒரே ஆபரேஷன், அப்புறம் தொல்லையே இல்லை" என்று சொல்லி ஒரு தனியார் மருத்துவமனையில் மண்ணீரலை எடுத்து ஷன்ட் போட்டார்கள். ரத்தம் நின்றது உண்மைதான். மூன்றாம் வாரம் மனிதர் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கினார். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு தொய்ந்து தொய்ந்து விழுந்தது. போனில் கேட்டதற்குத் தூக்க மாத்திரை சொன்னார்கள். இரண்டு நாளில் கோமா.

குடலிலிருந்து வரும் ரத்தத்தைக் கல்லீரலுக்குப் போகவிடாமல் வேறு சிரைக்குத் திருப்புவதுதான் ஷன்ட். அந்த ரத்தக்குழாயில் ஏறியிருந்த அழுத்தம் இறங்கும், உணவுக்குழாயில் புடைத்து உடைந்து ரத்தம் கக்கவைத்த நாளங்கள் அடங்கும். கூடவே குடலில் உண்டாகும் அம்மோனியா என்ற நச்சும் வடிகட்டப்படாமல் மூளைக்கு ஏறும், இவருக்கு வந்த குழப்பமும் கோமாவும் அதனால்தான். மலச்சிக்கல், கிருமித்தொற்று, தூக்க மாத்திரை எதுவானாலும் நிலைமையை மோசமாக்கும். தினம் 2, 3 முறை மலம் இளக்கமாகப் போகும் அளவுக்கு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்து கொடுத்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்தப் பெயரே இல்லை.

முதலில் இவருக்கு இந்த ஆபரேஷனே பொருந்தாது. பிலிருபின் 3.4, அல்புமின் 2.6, வயிற்றில் லேசாக நீர். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் சைல்ட் கணக்கில் இவற்றுக்கும் மற்றவற்றுக்குமான புள்ளிகளைக் கூட்டினால் 10, அதாவது சைல்ட் சி, இருப்பதிலேயே மோசமான நிலை. கத்தி வைத்துச் செய்யும் ஷன்ட்டை யோசிப்பதே பெரும்பாலும் கல்லீரல் குறைவாகக் கெட்ட சைல்ட் ஏ ஆட்களுக்குத்தான். "ஷன்ட் போட்டு இருபது வருஷமா நல்லா இருக்கார்" என்று குடும்பத்துக்குக் காட்டிய ஆளுக்கு சிரோசிஸே கிடையாது, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் அடைப்பு. கல்லீரல் நன்றாக இருப்பவருக்கு ஷன்ட் அருமையாகப் பலிக்கும். அவரைக் காட்டி இவருக்கு விற்றது அப்பட்டமான ஏமாற்று.

ஃபைலில் "பேண்டிங் தோல்வி" என்று இருக்கிறது. பேண்டிங் என்றால் எண்டோஸ்கோப்பி வழியாகப் புடைத்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது. செய்ததே ஒரு தடவை! 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, நாளங்கள் மறையும்வரை போட வேண்டும். கூடவே அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையான கார்வெடிலால் அல்லது புரோப்ரனலால். ரத்தம் கொட்டும்போது அழுத்தத்தை இறக்கும் டெர்லிப்ரெசின் ஊசி, கிருமித்தொற்றைத் தடுக்க செஃப்ட்ரியாக்சோன் தினம் 1 கிராம், 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி. ஹீமோகுளோபின் 7, 8 போதும். அதற்கு மேல் ரத்தம் ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடி உடையலாம். இத்தனைக்கும் அடங்காவிட்டால் கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் வைக்கும் டிப்ஸ் ஸ்டென்ட், அதாவது ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் சிறு குழாய். அதிலும் இதே மூளைக் குழப்பம் வரலாம், ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டாம். சைல்ட் சி என்றால் மாற்றுக் கல்லீரல் பேச்சையும் அன்றே எடுத்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள், ஷன்ட் அடைக்காமல் ஓடுகிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பாருங்கள். மண்ணீரலை எடுத்திருந்தால் நியூமோகாக்கல் தடுப்பூசி போட்டார்களா என்று கேளுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்குக் கிருமித்தொற்று சட்டென முற்றும், அதனால் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.