தோடம்பழ வில்லை காயவைக்க வாங்கின டீஹைட்ரேட்டர்: மாரிக்குத்தான் இது

ஆன்லைன்ல எடுத்த அஞ்சு தட்டு டீஹைட்ரேட்டர், பேர் தெரியாத சைனா சாமான். ஜூஸ் கிளாஸுக்கு மேல மிதக்க விடுற தேசிக்காய், தோடம்பழ வில்லை காயவைக்கத்தான் வாங்கின, கல்யாண வீடுகளுக்கு வெல்கம் ட்ரிங் செய்து குடுக்கிற ஆக்கள் கேக்குறாங்க எண்டு. மட்டக்களப்புல வெயிலுக்கா பஞ்சம், என்னத்துக்கு மெஷின் எண்டு வீட்டில ஒரே கதை.

ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கக்குள்ள அது நியாயமான கதைதான், சுளகுல பரப்பி மேல வலைத்துணி போட்டா தேசிக்காய் தானா காஞ்சிரும். தோடம்பழம் அப்பிடியில்ல, இனிப்புக்கு எறும்பு விடாது, வெயில்ல நிறமும் போயிரும். கார்த்திகை மார்கழி மழைக்குள்ள ரெண்டுமே பூஞ்சணம்தான். அந்த நேரத்துக்கு மெஷினை விட்டா வேற வழியில்ல.

5 மில்லிமீட்டர் தடிப்புல ஒரே அளவா வெட்டி 57 டிகிரியில வைச்சா தேசிக்காய்க்கு 6, 8 மணித்தியாலம், தோடம்பழத்துக்கு 10 வரைக்கும் போகும். அவசரப்பட்டு 70ல வைக்காதீங்க, தோல் மண்ணிறமாகி கசப்பு வந்திரும். ஃபேன் அடியில இருக்கிறதால கீழ்த்தட்டு முதல்ல காயும், மேல்த்தட்டு ஈரமாவே கிடக்கும், இடைக்கிடை தட்டை மாத்தி மாத்தி வைக்கத்தான் வேணும், இதான் இந்த மெஷின்ல எனக்குப் பெரிய எரிச்சல். நம்மட சின்னத் தேசிக்காய் காஞ்சு சுருங்கினாப் பிறகு தட்டு ஓட்டையால விழுது, வலை ஒண்டு தந்திருக்கலாம். கரண்ட் பயப்பிடுற அளவுக்கு இல்ல, 250 வாட், 10 மணித்தியாலம் ஓடினாலும் ரெண்டரை யூனிட்தான்.

பழத்தைப் பத்தியும் சொல்லணும். பிபிலைத் தோடம்பழம் குடிக்க அருமை, ஆனா நம்மட சூட்டுக்கு தோல் பச்சையாவே இருக்கும், காஞ்சா மங்கிப்போய் போட்டோக்கு எடுபடாது. நிறம் வேணுமெண்டா இறக்குமதிப் பழம்தான், அதுல மெழுகு பூசி வரும், வெந்நீர்ல தேச்சுக் கழுவிட்டு வெட்டுங்க. இன்னொண்டு, காஞ்ச வில்லை வாசத்துக்கும் வடிவுக்கும் மட்டும்தான், புளிப்புக்கு பச்சைத் தேசிக்காய் புழியத்தான் வேணும். சுடு தேத்தண்ணியில கனநேரம் ஊற விட்டா வெள்ளைத் தோல்ல இருக்கிற கசப்பு இறங்கிரும், வாயில வைக்கேலாது.

ஆறினாப் பிறகு ஒடிச்சுப் பாருங்க, படக்கெண்டு உடைஞ்சா சரி, வளைஞ்சா இன்னும் ஈரம் கிடக்கு. உடனே இறுக்கமான போத்தல்ல போட்டு மூடணும், வாவிப் பக்கத்துக் காத்துல ஒரு ராவு திறந்து வைச்சாலே நமத்திரும்.

வாங்குறெண்டா வயர் முனையைப் பாத்து எடுங்க. எனக்கு வந்தது தட்டையான ரெண்டு பின், அடாப்டர் ஆடி நடுச்சாமத்துல ஓஃப் ஆகி ஒரு தட்டு தோடம்பழம் புளிச்சே போச்சு. 230 வோல்ட்டா எண்டும் கேளுங்க, 110 மெஷினை நம்மட கரண்ட்ல குத்தினா அதோட சரி.