அம்பாசிடரின் கதவுப் பேனல்கள்: நான்கு ஐப்பசி மழைகளுக்குப் பிறகு

கும்பகோணத்தில் நான் ஓட்டிவரும் 1984ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4 காருக்கு ஜப்பானிய இசுசு வகை எஞ்சினும் முன்கதவுகளுக்குப் பவர் விண்டோவும் பொருத்திய கையோடு, நான்கு கதவுகளின் உட்புறப் பேனல்களையும் புதிதாகச் செய்துகொண்டேன். ரெக்சின் மீது கட்டம் கட்டமாகத் தைத்த தையல் இன்றும் பார்ப்போரை ஈர்க்கிறது. ஆனால் பேனலின் ஆயுளைத் தீர்மானிப்பது கண்ணில் படாத பின்பக்கம்தான்.

பழையவை ஹார்ட்போர்டில் ரெக்சின் ஒட்டியவை. கீழ்விளிம்பு ஊறி உப்பி, கிளிப் மாட்டும் துளைகள் கிழிந்திருந்தன. கண்ணாடியை ஒட்டி இறங்கும் மழைநீர் கதவின் அடித்துளைகள் வழியே வெளியேற வேண்டும். அவை சேற்றால் அடைபட்டு, பேனலுக்கும் தகட்டுக்கும் இடையிலிருந்த பாலித்தீன் தாளும் கிழிந்துவிட்டதால், ஈரம் நேராக அட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆகவே துளைகளைக் குத்திச் சுத்தம் செய்து, கனமான பாலித்தீன் தாளைச் சுற்றிலும் இடைவெளியின்றி ஒட்டிய பிறகே வேலையைத் தொடங்கினோம்.

பழைய அட்டையையே அச்சாக வைத்து ஈரம் தாங்கும் 4 மி.மீ. மெரைன் ப்ளைவுட்டை வெட்டினோம். அதன்மேல் 6 மி.மீ. ஃபோம் வைத்துத் தைத்த பேனலைப் பின்கதவில் பொருத்தியபோதுதான், கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி மாட்ட வேண்டிய தண்டு உள்ளே அமிழ்ந்துபோனது தெரிந்தது. குஷன் கடைக்காரர் சிறிதும் பதறாமல், தண்டைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டத்தில் ஃபோமை மட்டும் அறுத்தெடுத்தார். அந்தக் குழிவு இன்று வேண்டுமென்றே வைத்த அலங்காரம் போலத் தோன்றுகிறது.

முதல் கோடையிலேயே, வெயிலில் நிறுத்தியிருந்த ஒருநாள், கைவைக்கும் வளைவில் பசை இளகி ரெக்சின் எழும்பியது. வெப்பம் தாங்கும் பசையால் மீண்டும் ஒட்டி, ஓரத்தைப் பின்பக்கம் மடித்து ஸ்டேபிள் அடித்த பிறகு அசையவில்லை. பேனல் தகட்டில் படும் இடங்களில் ஒட்டிய கம்பளித் துண்டுகளால், மயிலாடுதுறைச் சாலையின் குண்டுகுழிகளிலும் கதவு கடகடப்பதில்லை.

என் தவறு ஒன்று உண்டு. பலகையின் விளிம்புகளுக்கெல்லாம் இருமுறை வார்னிஷ் பூசச் சொன்ன நான், கிளிப் துளைகளின் உட்சுவரை மறந்துவிட்டேன். முன் இடதுகதவின் கடைசி இரு துளைகளைச் சுற்றி இப்போது கறுத்திருக்கிறது. நகத்தால் அழுத்தினால் மரம் மெத்தென்று அமுங்குகிறது. அந்த ஒன்றை மட்டும் வரும் ஐப்பசிக்குள் மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.