விசா வந்த நான்காம் நாளே எங்கள் அறை ரத்தாகியிருந்தது: நெதர்லாந்து போகத் திட்டமிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நானும் என் மனைவியும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து திருச்சிக்குத் திரும்பி இன்றோடு நான்கு நாள்கள் ஆகின்றன. பெட்டிகளை இன்னும் முழுவதுமாகப் பிரிக்கவில்லை. ஒரு சுற்றுலா முகவரிடம் 1,84,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஒரு இரவு தங்கும் அறைகூடக் கிடைக்காமல் வந்திருக்கிறோம். கோபம் தணிந்துவிட்டால் நானே ‘போகட்டும், விடு’ என்று சொல்லிவிடுவேன் என்பது எனக்குத் தெரியுமாதலால், தணிவதற்கு முன்பே எழுதுகிறேன். புகார் கொடுக்கப்போகும் நேரத்தில் பெயரை எழுத வேண்டாமென்று வழக்கறிஞரான என் மைத்துனர் சொல்லியிருக்கிறார். எனவே ஐரோப்பா, பாலி, துபாய் என்று வாசலில் பலகை வைத்திருக்கும், மாடியில் இரண்டே அறைகள் கொண்ட ஒரு டிராவல்ஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றவர்கள் இப்படி ஏமாறாமலிருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். காசோலைகளில் கையெழுத்தைச் சரிபார்த்தே பாதி வாழ்க்கை கழிந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பெருமையல்ல, வெட்கம். என் மனைவி பள்ளியில் வரலாறு கற்பித்தவர். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் பல ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டியவர். அந்தப் பெண் ஒளிந்திருந்த வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்பதுதான் எங்கள் முப்பத்தைந்தாம் மணநாளுக்கு அவர் கேட்ட ஒரே பரிசு. ஆம்ஸ்டர்டாம், ஹார்லெம், டென் ஹாக், டெல்ஃப்ட், ராட்டர்டாம் என்று ஐந்து நகரங்கள் அந்த ஒரு வீட்டைச் சுற்றித்தான் எங்கள் திட்டத்தில் சேர்ந்தன.

முதல் நாளே முகவர் எங்களைக் கவர்ந்துவிட்டார். ஃபில்டர் காபி வரவழைத்தார். மேசைமேல் ஆம்ஸ்டர்டாம் வரைபடத்தை விரித்து, 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்த கால்வாய் வளையத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, “அம்மா, உங்கள் ஜன்னலைத் திறந்தால் பிரின்ஸன்கிராக்ட் கால்வாய், நடந்தால் ஆன் ஃபிராங்க் வீடு ஐந்து நிமிடம்” என்றார். ஐந்து இரவு அறை, விமான நிலையத்திலிருந்து கார், அருங்காட்சியக அனுமதிகள், பிற நகரங்களுக்கு ஓட்டுநருடன் வண்டி எல்லாம் சேர்த்து 1,84,000 ரூபாய். விமானச் சீட்டும் விசாக் கட்டணமும் தனி. நான் உடனே பணத்தைக் கொடுத்துவிடவில்லை. இருபதாயிரம் முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை விசா வந்த பிறகு தருவதாகச் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இப்போது புரிகிறது.

மார்ச் 2ஆம் தேதி விசா முத்திரையுடன் கடவுச்சீட்டுகள் வந்தன. மறுநாள் முகவர் எங்களை அழைத்து, எங்கள் இருவர் பெயரும் பதிவு எண்ணும் அச்சிட்ட விடுதி வவுச்சரைக் கையில் கொடுத்தார். “சார், நெதர்லாந்து அரசாங்கமே இந்த அறைப் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்கு விசா கொடுத்திருக்கிறது. இதைவிடப் பெரிய சாட்சி நான் எங்கே போய்க் கொண்டுவருவது?” என்று கேட்டார். நான் நம்பிய நொடி அதுதான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தோன்றவில்லை. ஒரு நாட்டின் தூதரகம் ஏற்றுக்கொண்ட காகிதத்தை நான் சந்தேகிப்பதாவது என்று நினைத்து, மீதி 1,64,000 ரூபாயில் ஒரு இலட்சத்தை யுபிஐ வழியாகவும் எஞ்சியதை ரொக்கமாகவும் அங்கேயே கொடுத்துவிட்டேன். யுபிஐயில் தெரிந்த பெயர் நிறுவனத்தின் பெயரல்ல, அவருடைய சொந்தப் பெயர். “வரியெல்லாம் போட்டால் உங்களுக்குத்தான் சார் கூடுதல் செலவு” என்று சொல்லி, ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு ரசீதைக் கொடுத்தார். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சித்திரை முதல் நாள் காலை ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறங்கினோம். பெயர்ப்பலகையுடன் நிற்பார் என்று சொல்லப்பட்ட ஓட்டுநரை வருகைக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் தேடினோம். பிறகு ரயிலேறி ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலுக்குப் போனோம். அங்கே பயணச்சீட்டுகூட வாங்க வேண்டியதில்லை. வங்கி அட்டையை வாயிலில் ஒருமுறை காட்டி உள்ளே போய், இறங்குமிடத்தில் மறுபடி காட்டினால் கட்டணம் தானாகக் கழிகிறது. இருபது நிமிடங்கள்கூட ஆகாத இந்தப் பயணத்துக்குத்தான் முகவர் தனிக்கார் என்று ஒரு தொகையைப் பட்டியலில் சேர்த்திருந்தார்.

விடுதியில் வரவேற்பு மேசையிலிருந்த இளம்பெண் எங்கள் வவுச்சரைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், மறுபடி வவுச்சரைப் பார்த்தார். பிறகு எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பதிவு உண்மையானதுதான். பிப்ரவரி 9ஆம் தேதி எங்கள் பெயரில் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பணம் கட்டாமல், வந்து தங்கும்போது கொடுப்பதாகச் சொல்லி, எந்தக் கட்டணமும் இல்லாமல் ரத்து செய்துகொள்ளலாம் என்ற வகையில் செய்யப்பட்ட பதிவு. மார்ச் 6ஆம் தேதி, அதாவது விசா வந்த நான்காம் நாள், என் மீதிப் பணம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், அது ரத்து செய்யப்பட்டிருக்கிறது. விடுதிக்கு எங்கள் பெயரில் ஒரு யூரோகூட வரவில்லை. இந்த விவரத்தை விடுதியின் முத்திரைத்தாளில் அச்சிட்டுத் தரும்படி என் மனைவி கேட்க, அந்தப் பெண் மேலாளரிடம் சொல்லி உடனே வாங்கிக் கொடுத்தார். வவுச்சரை அப்போதுதான் நான் முழுவதுமாகப் படித்தேன். எந்தத் தேதிவரை இலவசமாக ரத்து செய்யலாம் என்பது அடியில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டே இருந்தது. அதை வைத்திருந்த நாற்பது நாள்களில் அந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை.

துலிப் மலரும் ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் அதே நாளில் அறை தேடுவதென்பது தைப்பூசத்தன்று பழனியில் அறை தேடுவதைப் போன்றது. கிடைத்த ஓரிரு அறைகள் இரவுக்கு முந்நூறு யூரோவைத் தாண்டின. அதன்மேல் அறை வாடகையில் 12.5 விழுக்காடு நகரின் சுற்றுலா வரி வேறு. கடைசியில் ரயிலில் கால் மணி நேரத் தொலைவிலுள்ள ஹார்லெமில் ஐந்து இரவுகளுக்கு 790 யூரோ கொடுத்து ஓர் அறை எடுத்தோம். அது 1,84,000 ரூபாய்க்கு மேல் போன பணம்.

இனி முகவர் சொன்ன பதில்களை வரிசையாகக் கேளுங்கள். முதல் நாள், “சார், நான் மீட்டிங்கில் இருக்கிறேன், அங்குள்ள ஏஜென்டிடம் பேசிவிட்டு அழைக்கிறேன்.” அழைக்கவில்லை. இரண்டாம் நாள், “அங்கே ராஜா பிறந்தநாள் விடுமுறை சார், எல்லா அலுவலகமும் பூட்டியிருக்கும்.” நெதர்லாந்து மன்னரின் பிறந்தநாள் ஏப்ரல் 27, அன்று தேதி 15. தெருவில் கடைகளெல்லாம் திறந்திருக்க, டிராம் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளில் எங்களை உரசிக்கொண்டு போக, நான் நடைபாதையில் நின்று அந்தச் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், நாங்கள் சுற்றுலா வரி கட்டாததால் விடுதிதான் அறையை ரத்து செய்துவிட்டது என்றார். அந்த வரியை விடுதியே வாடகையோடு சேர்த்து வசூலிக்கிறது. முன்கூட்டியே யாரும் தனியாகக் கட்டுவதில்லை. ரத்துக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது. அதன்பின் இரண்டு நாள்கள் பதிலே இல்லை. நம் ஊரில் மூன்றரை மணி நேரம் முன்னதாகவே பொழுது நகர்வதால், அங்கே காலை ஐந்தரை மணிக்கெல்லாம் எழுந்து, இங்கே ஒன்பது மணிக்கு அவர் கடை திறக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். விடுமுறையில் நான் பார்த்த சூரியோதயங்களெல்லாம் அப்படிப் பார்த்தவைதான்.

ஆனாலும் இவை எதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன், அந்த ஒரு வீடு மட்டும் கிடைத்திருந்தால். பிரின்ஸன்கிராக்ட் 263ஆம் எண் வாசலில், முகவர் கொடுத்த ‘ஆன் ஃபிராங்க் அனுமதி’ என்ற காகிதத்தை என் மனைவி நீட்டினார். அங்கிருந்த ஊழியர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, இது வீட்டுக்குள் போகும் அனுமதியல்ல, ஆன் ஃபிராங்க் வாழ்ந்த பகுதியை வெளியே நடந்து சுற்றிக்காட்டும் வேறொரு குழுவின் முன்பதிவு என்றார். அந்த வீட்டுக்கான சீட்டை அருங்காட்சியகம் தன் சொந்த இணையதளத்தில் மட்டுமே விற்கிறது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரங்கள் கழித்து வரும் நாள்களுக்கான சீட்டுகள் வெளியாகி விரைவில் தீர்ந்துவிடுகின்றன. வாசலில் வாங்க முடியாது. மார்ச் மாத ஆரம்பத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டில் கணினிமுன் உட்கார்ந்திருந்தால் நானே வாங்கியிருக்கலாம். முகவர் வாங்கித் தருவார் என்று நம்பித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைகளை விட்டுவிட்டோம். 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்ட்டு வரை எட்டுப் பேர் வெளியே வர முடியாமல் அடைந்து கிடந்த வீட்டுக்கு, அத்தனை தூரம் போயும் எங்களால் உள்ளே போக முடியவில்லை. பக்கத்தில் வெஸ்டர்கெர்க் தேவாலயத்தருகே ஆனின் சிறிய சிலை ஒன்று நிற்கிறது. அதனருகில் நின்றிருந்தபோது மணி அடித்தது. “இந்த மணியைப் பற்றி அவள் எழுதியிருக்கிறாளுங்க” என்றார் மனைவி. அழவில்லை, அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மற்ற நகரங்களை நாங்களாகவே ரயிலில் போய்ப் பார்த்தோம். வராத வண்டிக்காகக் காத்திருக்கவில்லை. டென் ஹாக் மாரிட்ஸ்ஹவுஸில் வெர்மீரின் முத்துக்காதணிப் பெண் ஓவியத்துக்கும், லிஸ்ஸயிலுள்ள கியூகென்ஹோஃப் துலிப் தோட்டத்துக்கும் நாங்களே புதிதாகச் சீட்டு வாங்கினோம். ஹார்லெம் பெரிய தேவாலயத்தில் 1766இல் பத்து வயது மோட்சார்ட் வாசித்த ஆர்கனைப் பார்த்தோம். அது முகவரின் பட்டியலில் இல்லாத இடம். ஆகவே அதை நிம்மதியாக ரசிக்க முடிந்தது. டச்சுக்காரர்கள் மீது எனக்கு ஒரு குறையுமில்லை.

திரும்பி வந்த மறுநாள் கடைக்குப் போனேன். இந்த முறை காபி வரவில்லை. “மூன்றாம் தரப்புச் சேவைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று ஒரு தாளின் பின்பக்கத்தைக் காட்டினார். அந்தத் தாளை எனக்கு முன்பு கொடுக்கவே இல்லை. 1,84,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த முறை மலேசியா போனால் பதினைந்தாயிரம் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். விடுதியின் ரத்துக் கடிதத்தை மேசைமேல் வைத்தேன். அதைப் பார்க்காமலேயே, “விசாவுக்கு எல்லாரும் இப்படித்தான் சார் புக் பண்ணுவார்கள், ஊழியர் பையன் தெரியாமல் ரத்து பண்ணிவிட்டான்” என்றார். அப்படியானால் என் பணம் எங்கே போனது என்று கேட்டேன். அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. காவல் நிலையத்தில், இது பணப் பரிவர்த்தனைத் தகராறு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்றார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். ஐந்து இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்கு என்பதால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை என்று மைத்துனர் சொன்னார். மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகவே சொல்கிறேன். விசாவுக்குக் காட்டிய அறைப் பதிவு, நீங்கள் போய் இறங்கும்வரை அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். வவுச்சரிலுள்ள எண்ணோடு விடுதிக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி, பணம் கட்டப்பட்டதா என்று கேளுங்கள், கிளம்புவதற்கு முந்தைய வாரம் மறுபடியும் கேளுங்கள். ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், செவ்வாய்க்கிழமை நீங்களே வாங்குங்கள். தனிநபர் பெயரிலுள்ள யுபிஐக்குப் பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர் அதற்கான வரியை உங்களிடம் வசூலித்துக் கட்ட வேண்டும், அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகத் தெரியும். ‘வரி வேண்டாம்’ என்று சலுகை காட்டுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விடுதி கொடுத்த கடிதத்தை என் மனைவி நேற்று லாமினேட் செய்து வாங்கிவந்திருக்கிறார். திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவருமே ஆணையத்துக்குப் போகிறோம்.