ஸ்கூலா, டியூஷனா, குரூப் ஃபோரா: மதுரையில் எங்கள் வினாத்தாள் சாஃப்ட்வேரை யார் வாங்குவார்கள்?

நானும் மச்சானும் சேர்ந்து எழுதிய சாஃப்ட்வேர் செய்வது ஒரே வேலைதான். சமச்சீர் புத்தகத்தில் எந்தப் பாடம், எத்தனை ஒன் மார்க், எத்தனை ஃபைவ் மார்க் என்று சொன்னால் விடைக்குறிப்போடு வினாத்தாளை எடுத்துக் கொடுக்கும். எழுதும்போது வராத சண்டை, யாரிடம் விற்பது என்றபோது வந்தது. அவன் தனியார் பள்ளிக் கட்சி, நான் டியூஷன் கட்சி. வீட்டில் டிஎன்பிஎஸ்சி குரூப் ஃபோருக்குப் படிக்கும் தங்கச்சி தனிக்கட்சி: தன்னைப்போல் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் விற்கச் சொல்கிறாள்.

பள்ளியில் உள்ள மயக்கம் புரிகிறது. ஒரு கையெழுத்து விழுந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். பயன்படுத்தப்போவது டீச்சர், பிடித்திருக்கிறது என்று சொல்வது பிரின்சிபால், பணம் கொடுப்பது கரஸ்பாண்டென்ட். கரஸ்பாண்டென்ட்டுக்கும் கை கட்டித்தான் இருக்கிறது. 2009-இன் பள்ளிக் கட்டணச் சட்டப்படி கட்டணத்தை நிர்ணயிப்பது அரசுக் குழு, சாஃப்ட்வேர் வாங்கினோம் என்று நினைத்தபடி ஏற்ற முடியாது. அப்புறம் வரி. நம் வரவு ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதைத் தாண்டி 18 சதவீதம் போட ஆரம்பித்தால் 50,000 என்பது 59,000 ஆகும். பள்ளிக் கல்விக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், அந்த 9,000-ஐக் கழித்துக்கொள்ள பள்ளிக்கு வழி கிடையாது. அதோடு ஏப்ரல், மேயில் பேசி முடிக்க வேண்டும். ஜூன் பிறந்த பிறகு போனால், "அடுத்த வருஷம் பார்ப்போம் சார்". ஒரு பள்ளியில் ஜூனிலேயே சாஃப்ட்வேரைக் கொடுத்துவிட்டு, அரையாண்டுப் பரீட்சை முடியும்வரை செக்குக்காக நடந்தேன். மச்சான் அதைப் பேசவிடமாட்டான்.

அரசுப் பள்ளி எங்கள் பட்டியலிலேயே இல்லை. 1998-இன் டெண்டர் சட்டம், சென்னையில் எடுக்கும் முடிவு, இரண்டு பேர் நடத்தும் கம்பெனி: மூன்றும் ஒட்டாது. கல்வித் தொலைக்காட்சி, எண்ணும் எழுத்தும் என்று அரசே இலவசமாகக் கொடுக்கிறது. ஏற்கெனவே மாணவர் விவரங்களை அரசின் எமிஸ் ஆப்பில் பதிவேற்றிக் களைத்திருக்கும் டீச்சரிடம் இன்னொரு ஆப்பை நீட்ட எனக்கு மனசு வரவில்லை.

தங்கச்சி கட்சியில் நியாயம் உண்டு. நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைத் தேடவே வேண்டாம். குரூப் ஃபோரில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளிப் பாடப் புத்தகங்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள், அதனால் எங்கள் கேள்வி வங்கியில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். ஆனால் டெலிகிராமில் பிடிஎஃப் சும்மா கிடைக்கும்போது யார் காசு கொடுப்பது? ஒருத்தி வாங்கினால் பாஸ்வேர்டு அஞ்சு பேருக்குப் போகும். தங்கச்சியிடமே கேட்டேன். "நானும் அதத்தாண்ணே செய்வேன்" என்றாள்.

வில்லாபுரத்தில் ஒரு அக்கா மாடியில் டியூஷன் நடத்துகிறார். ஒரே பாயில் எட்டாவது, பத்தாவது, சிபிஎஸ்இ பிள்ளைகள் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். அதற்காகச் சனி ராத்திரி பதினோரு மணிவரை கையால் பேப்பர் எழுதி, விடிந்ததும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவார். லேப்டாப்பைத் திறந்து பத்தாவது கணக்குக்கு ஒரு தாள் எடுத்துக் காட்டினேன். ஒன் மார்க் 14, டூ மார்க் 10, ஃபைவ் மார்க் 10, எயிட் மார்க் 2 என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "28-ஆவது கேள்வி கம்பல்சரில்ல? அது எங்க?" என்றார். அதைக் கோட்டை விட்டிருந்தோம். சரிசெய்து மறுநாள் போனேன்.

"மாசம் எம்புட்டு தம்பி?"

"முந்நூறுக்கா."

"ஏப்ரல், மே லீவு. அதுக்குத் தரமாட்டேன்."

அங்கேயே ஜிபே செய்தார். பயன்படுத்துகிறவரும் பிடித்திருக்கிறது என்கிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒரே ஆள். பிள்ளைகளின் பெயர்கூட எங்களுக்கு வேண்டாம். அதனால் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கிறபடி 18 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் வாங்கும் வேலையும் இல்லை.

கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 3,000 வீதம் 17 டியூஷன் சேர்ந்தால் ஒரு பள்ளி. பள்ளி போனால் 50,000 போச்சு. ஒரு அக்கா நின்றுவிட்டால் 3,000. ஒரே சிக்கல், டியூஷனுக்குப் போர்டு கிடையாது. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரண்டு வாரம் அலைந்தேன். கடைசியில் வழி காட்டியவர் ஜெராக்ஸ் கடைக்காரர்தான். சனி ராத்திரியும் ஞாயிறு காலையும் யார் கேள்வித்தாளோடு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரே கடைக்காரர் ஒன்பது பேரைக் காட்டினார். அதில் ஒருவர் குரூப் ஃபோர் பேட்சும் நடத்துகிறார். தங்கச்சி கட்சிக்கு அந்த வழியாகத்தான் போகப்போகிறோம்.

மச்சான் இன்னும் பள்ளிக் கட்சிதான். ஆனால் அந்தக் குரூப் ஃபோர்காரர், "நாலு வருஷ பேப்பர் பாமினியில அடிச்சு வச்சிருக்கேன், உங்கதுல ஏறுமா?" என்று கேட்டதிலிருந்து, ராத்திரி உட்கார்ந்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவனும் அவன்தான்.