பேப்பர் எல்இடி, 30 பின்: வீட்டிலேயே லேப்டாப் ஸ்கிரீன் மாற்றினேன்

மாதிரித் தேர்வுக்கு கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்த ராத்திரி அது. மணி பதினொன்றரை இருக்கும். தூக்கக் கலக்கத்தில், மகளின் ஹேர் கிளிப் கீபோர்டின் மேல் கிடப்பதைப் பார்க்காமல் லேப்டாப்பை மூடிவிட்டேன். படக்கென்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால் இடது மூலையில் மை கொட்டினாற்போல் ஒரு கறுப்பு, அங்கிருந்து திரை முழுக்கக் கோடு கோடாக. யாரையாவது திட்டலாம் என்றால் மூடியது நான்தான்.

லேப்டாப் புதிது கிடையாது. தம்பி பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அவன் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும் இது எனக்கு வந்தது. 14 அங்குலத் திரை, 1366 × 768 புள்ளிகள் (பிக்சல்). இரண்டு வருடம் முன்பு வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போட்டு, ராம் மெமரியும் கூட்டியதிலிருந்து நன்றாகவே ஓடுகிறது. நான் செங்கல்பட்டில் டியூஷன் எடுக்கிறேன். கேள்வித்தாள், வரவு செலவு, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் இதில்தான். தூக்கிப் போட மனம் வருமா?

மறுநாள் காலை முதல் வேலையாக எச்டிஎம்ஐ கேபிளை எடுத்து வீட்டு டீவியில் மாட்டினேன். விண்டோஸ் பட்டனையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தி நகர்த்தினால் படம் டீவிக்குப் போய்விடும். போனது. டீவியில் ஒரு கோடு இல்லை, ஒரு கறை இல்லை. ஆக, போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) நன்றாக இருக்கிறது, உடைந்தது ஸ்கிரீன் மட்டும்தான். இதை யாரும் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. கடைக்குப் போகும் முன் இதைச் செய்து வைத்தது எவ்வளவு நல்லது என்று அன்று மதியமே தெரிந்தது. எங்கள் ஊரில் ஒரு சர்வீஸ் கடையில் ஸ்கிரீன் மாற்ற 5,500 ரூபாய், மூன்று நாள் ஆகும் என்றார்கள். கூடவே, "போர்டும் அடி வாங்கியிருக்கும் மேடம், பாத்துட்டுதான் சொல்லணும்" என்று ஒரு கொக்கி. டீவியில் பார்த்துவிட்டேன் என்றதும் அந்தப் பேச்சு நின்றது. 5,500 அநியாய விலை என்று சொல்ல மாட்டேன். மாற்றும்போது ஏதாவது உடைந்தால் அவர்கள் பொறுப்பு, அதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். என்னால் மூன்று நாள் விட முடியாது, அவ்வளவுதான்.

நானே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்த கையோடு ஒரு தப்பும் செய்தேன். லேப்டாப்பைத் திறந்து பார்க்காமல், மாடல் பெயரைப் போட்டுத் தேடி ஆன்லைனில் ஒரு பேனல், அதாவது சட்டத்துக்குள் இருக்கும் திரைப் பலகை, ஆர்டர் செய்தேன். நான்கு நாளில் வந்தது. நல்ல பேக்கிங், தெர்மோகோல், நுரைத்தாள் எல்லாம் இருந்தது. ஆனால் என் லேப்டாப்பில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட்டில்தான் ஸ்க்ரூ போட வேண்டும். வந்த பேனலில் காதே இல்லை, மொழுமொழுவென்று இருந்தது. படத்தில் காது இருந்ததா என்று கேட்டால், இருந்தது. விற்றவரிடம் கேட்டபோது, "படம் மாதிரிக்கு மட்டும்" என்றார். திருப்பி அனுப்பிப் பணம் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் ஹாலில் டீவிக்கு முன் உட்கார்ந்து கேள்வித்தாள் அடித்தேன். மாமியாரின் சீரியல் நேரத்தில் எனக்கு விடுமுறை.

அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் கழற்றுங்கள், அப்புறம் வாங்குங்கள். லேப்டாப்பின் பெயரை வைத்து பேனல் வாங்க முடியாது. லேப்டாப் விற்கும் கம்பெனி வேறு, உள்ளே இருக்கும் பேனலைச் செய்வது வேறு. பிஓஇ, ஏயூஓ, இன்னோலக்ஸ், எல்ஜி என்று நான்கைந்து பேர் செய்கிறார்கள், ஒரே மாடலில் ஒன்றில் இவருடையதும் இன்னொன்றில் அவருடையதும் இருக்கும். நம்பத் தகுந்தது பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிள் மட்டும்தான். என்னுடையதில் பிஓஇ கம்பெனியின் 'என்டி140டபிள்யூஎச்எம்-என்41' என்று இருந்தது. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் நடுவில் இருக்கும் 140 என்பது 14.0 அங்குலம். 156 என்று இருந்தால் 15.6. இந்த லேபிளை போனில் படம் எடுத்துக்கொண்டு, கேபிள் மாட்டும் கனெக்டரையும் காதுகளையும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டுதான் சனிக்கிழமை ரயில் ஏறினேன். உடைந்த பேனலையும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சென்னை எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்து ரிச்சி தெரு. போகாதவர்களுக்கு: அண்ணா சாலையை ஒட்டி, ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் சேர்ந்த ஒரு சின்ன இடம்தான். ஆனால் கீழே, மேலே, சந்துக்குள் சந்து என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள். நடக்க வழி இருக்காது, பைக்கும் அட்டைப்பெட்டியும் நம் மேல்தான் வரும். ஒரு மாடிப்படியில் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும். அந்தப் படியில் ஏறி முதல் மாடியில் ஒரு பேனல் கடை. கடையின் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, அதே சரக்கு வரிசையாகப் பத்து கடையில் கிடைக்கும். அங்கே நிற்கும் பையன் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் பிடித்தது.

"அக்கா, பேப்பரா, நார்மலா? எத்தன பின்னு?"

மெல்லிய பேனலை அங்கே பேப்பர் எல்இடி என்கிறார்கள். பழைய லேப்டாப்களில் வரும் தடித்ததற்குப் பெயர் நார்மல். பின் என்பது கனெக்டரில் இருக்கும் உலோகப் பல். எனக்கு 30. பழைய லேப்டாப்கள் பலவற்றில் 40 இருக்கும், டச் ஸ்கிரீன்களிலும் 40 வரும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒன்றுக்கு ஒன்று மாட்ட முடியாது. நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் துண்டைப் பிரித்துப் பழைய பேனலை நீட்டினேன். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. "இப்டி கொண்டாந்தா அஞ்சு நிமிஷம்கா" என்றான்.

நடுவில் எனக்கு ஒரு ஆசை வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், 1920 × 1080 புல் எச்டி பேனலாகவே போட்டுவிடலாமே, அதுவும் 30 பின்தானே என்று கேட்டேன். விற்றால் அவனுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கும். "வேணாங்கா, உங்க கேபிள் தாங்காது" என்றான். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்ததில் அவன் சொன்னது சரி. திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் கம்பிகள் ஜோடி ஜோடியாக ஓடுகின்றன. 1366 × 768க்கு ஒரு ஜோடியே போதும். புல் எச்டிக்கு, வழக்கமான 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும் வேகம்), இரண்டு ஜோடி வேண்டும். விலை குறைந்த லேப்டாப்களின் கேபிளில் பெரும்பாலும் ஒரு ஜோடிதான் வைத்திருப்பார்கள். கனெக்டர் பொருந்தும், படம்தான் வராது. கேபிளையும் சேர்த்து மாற்றினால் சில மாடல்களில் வேலை செய்யும், ஆனால் அந்தச் சூதாட்டம் எனக்கு வேண்டாம்.

2,900 ரூபாய். ஒரு வருட வாரண்டி. பின்பக்கம் தேதி எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒட்டினான், அது கிழிந்தாலோ கண்ணாடி உடைந்தாலோ வாரண்டி கிடையாது. கடையிலேயே டெஸ்டரில் மாட்டி வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று ஒவ்வொரு நிறமாகப் போட்டுக் காட்டினான். முதலில் எடுத்த பேனலில், கறுப்பில் ஒரு புள்ளி மட்டும் பச்சையாக மின்னியது. நான் சொல்வதற்கு முன் அவனே ஓரமாக வைத்துவிட்டு வேறு எடுத்தான். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். வெள்ளையில் தெரியாத புள்ளி கறுப்பில் தெரியும், கறுப்பில் தெரியாதது வெள்ளையில் தெரியும்.

இனி வீட்டு வேலை. உண்மையைச் சொன்னால் இதுதான் சுலபமான பகுதி, ரயில் ஏறும் முன்பே கழற்றியது பயந்து பயந்து ஒரு மணி நேரம், திரும்பி வந்து மாட்டியது இருபது நிமிடம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். என் லேப்டாப்பில் பேட்டரி வெளியே இருந்து தள்ளினாலே வந்துவிடும். புதிய லேப்டாப்களில் உள்ளே இருக்கும். அடி மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை எடுத்தே ஆக வேண்டும். ஆஃப் செய்துவிட்டோமே போதாதா என்று நினைக்கக் கூடாது. அந்த 30 பின்னிலேயே திரைக்குப் பின்னால் எரியும் விளக்குக்கான கரண்டும் வருகிறது. கரண்ட் இருக்கும்போது கனெக்டரைக் கோணலாக இழுத்தால் பின்கள் ஒன்றோடொன்று உரசி, போர்டில் இருக்கும் குட்டி ஃப்யூஸ் போய்விடும். அப்புறம் புது பேனல் போட்டாலும் இருட்டுதான், டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரியும்.

திரையைச் சுற்றிய பிளாஸ்டிக் சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டுகள். ஊசியால் நெம்பினால் அடியில் ஸ்க்ரூ. அதைக் கழற்றிய பிறகு, காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை உள்பக்க விளிம்பில் நுழைத்து மெல்ல நகர்த்தினால் டக் டக்கென்று ஒவ்வொரு கிளிப்பாக விடும். முதல் டக் கேட்டபோது உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மேல்பக்கத்தில் தொடங்கி, ஹிஞ்ச் (திரையை மடக்கும் கீல்) இருக்கும் கீழ்ப்பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கீழே அவசரப்பட்டதில் ஒரு கிளிப் நிஜமாகவே உடைந்தது.

பிறகு காதுகளில் நான்கு ஸ்க்ரூ. கடுகு அளவுதான் இருக்கும், எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு வைத்தேன். கீபோர்டின் மேல் துண்டை விரித்து, பேனலை முகம் குப்புறச் சாய்த்துப் படுக்க வைத்தால் முதுகில் கனெக்டர் தெரியும். மேலே ஒட்டிய டேப்பை உரித்து, கனெக்டரைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி வளையம் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, பேனலோடு படுத்தவாக்கில் நேராக இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கவே கூடாது. புதியதை மாட்டும்போது இதே வேலை தலைகீழாக. சட்டத்தை மாட்டும் முன் பேட்டரியைப் போட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். எனக்கு முதல் தடவை திரை இருட்டாகவே இருந்தது. வயிறு கலங்கிவிட்டது. மறுபடி பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் கனெக்டர் ஒரு ஓரத்தில் ஒரு மயிரிழை வெளியே நின்றது. அழுத்திவிட்டதும் வந்தது. பக்கத்தில் நின்ற மகள் கைதட்டினாள், கிளிப்புக்குச் சொந்தக்காரி.

நான்கு மாதம் ஆகிறது. பேனலைப் பற்றி: பழையதைவிட வெளிச்சம் கொஞ்சம் கூடுதல், நிறம் லேசாக நீலம் ஓடுகிறது. இது டிஎன் வகை, கீழே இருந்து பார்த்தால் நிறமெல்லாம் தலைகீழாகும். படம் பார்க்க வாங்குபவர்களுக்குப் பிடிக்காது, கேள்வித்தாள் அடிக்க இதற்கு மேல் எனக்கு வேண்டாம். இடது கீழ் மூலையில், கிளிப் உடைந்த இடத்தில், சட்டம் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. அது என் கைங்கரியம், பேனல்மேல் பழி போட முடியாது. புள்ளி எதுவும் விழவில்லை. ரயில், ஆட்டோ, வழியில் குடித்த கரும்புச்சாறு உட்பட 3,300 ரூபாய்க்குள் முடிந்தது.

நான் ஸ்கிரீன் மாற்றிய சேதி தெருவில் பரவிவிட்டது. போன வாரம் எதிர்வீட்டு அக்கா அவர் மகனின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். திரையில் நெட்டாக ஒரு ஊதாக் கோடு. "ரிச்சி தெருவுக்கு நானும் வரேம்மா, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றார். டீவியில் மாட்டிப் பார்த்தோம். டீவியிலும் அதே கோடு. ஸ்கிரீனில் கோளாறு இல்லை, சர்வீஸ் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன்.